‘போதையில் இல்லை’ என்று நான் போட்ட கையெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாத மதியம் நடந்தது இது. ஒரகடத்தில் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து விடும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு டிரைவரையும் மெஷினில் ஊதச் சொல்லி, வரும் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் ‘போதையில் இல்லை’ என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. குடித்துவிட்டு வந்த இரண்டு பேரைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்று மதிய ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்ற வாலாஜாபாத் போக வேண்டிய டிரைவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்துக் கிராமத்துக்காரர். குடிப்பழக்கமே கிடையாது. ஒரு வாரமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். ஊதினார். ஜீரோ. ஆனாலும் அங்கேயே நின்றார்.

“யம்மா, இடுப்பு வலி தாங்காம மெடிக்கல்ல மாத்திர வாங்கி ரெண்டு போட்டேன். கண்ணு சொருவிக்கினே கீது. வேற யாரையாச்சும் அனுப்பேன்.”

மாற்று டிரைவர் அன்று வரவில்லை. வாலாஜாபாத்தில் ஐம்பது பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் நேரத்துக்கு வராவிட்டால் தொழிற்சாலையில் உற்பத்தி லைன் நின்றுவிடும், மேனேஜர் என்னைத்தான் பிடிப்பார்.

“மூஞ்சியக் கழுவிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு கெளம்புங்கண்ணா. இந்த ஒரு ட்ரிப்தானே” என்றேன்.

அவர் குழாயடிக்குப் போனார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. காலிப் பேருந்து, வாலாஜாபாத் சாலையில் முன்னால் போன மொபெட்டை இடித்திருந்தது. பிரேக் போட்ட தடமே இல்லை என்றார்கள். மொபெட்டில் ஒரு கணவனும் மனைவியும். அந்தப் பெண் அங்கேயே இறந்துவிட்டாள். கணவருக்கு வலது கால் நசுங்கிவிட்டது. கூடிய கூட்டம் ‘குடிகார நாயே’ என்று டிரைவரைப் போட்டு அடித்திருக்கிறது. அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லையாம்.

போலீஸ் ஊதச் சொன்னபோதும் ஜீரோதான். ஆனால் ஆள் நிற்க முடியாமல் தள்ளாடியதால், மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள்.

மறுநாள் எங்கள் அலுவலகத்துக்கு விசாரிக்க வந்தார்கள். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். “ஊதினாரு சார், ஜீரோ வந்திச்சு” என்று பதிவேட்டைக் காட்டினேன். வேறு எதையும் சொல்லவில்லை. நான் பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே இரண்டு வருடம் போனது.

பிறகு சாட்சி சொல்ல நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. “ரிஜிஸ்டர்ல இருக்கறத மட்டும் சொல்லும்மா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்” என்றார் மேனேஜர்.

உள்ளே போகும் முன் அரசு வக்கீலிடம் கேட்டேன்: “அவர் குடிக்கவே இல்லையே சார், எப்படி போதை கேஸ் ஆச்சு?”

“மது மட்டும் இல்லம்மா. போதை தர்ற மருந்தும்தான். அவர் போட்ட வலி மாத்திரையில இருக்கற தூக்க மருந்து ரத்தத்துல இருந்திருக்கு.” கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார்: ‘வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மருந்தின் தாக்கத்தில் இருத்தல்.’

அந்த நீளமான வாக்கியத்தைத்தான் அந்த மனிதர் அன்று மூன்றே சொல்லில் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு அது புரியாமலும் இல்லை.

கூண்டில் ஏறினேன். டிரைவர் பாதியாக இளைத்துப்போய், தரையைப் பார்த்தபடி நின்றார். அரசு வக்கீல் கேட்டு முடித்ததும் டிரைவரின் வக்கீல் எழுந்தார்.

“போதையில் இல்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமாங்க.”

“அப்போ அவர் நல்ல நிலையிலதான் வண்டி எடுத்தார். சரிதானே?”

இன்னொரு ‘ஆமாங்க’ போதும். அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஆனால் பின் பெஞ்சில் அந்தக் கணவர், மடியில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைங்க. கண்ணு சொருவுதுன்னு சொன்னாரு. வேற ஆள அனுப்பச் சொன்னாரு. நான்தான் போகச் சொன்னேன்.”

டிரைவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நீதிபதி கேட்டார்: “அப்புறம் ஏம்மா அனுப்பினீங்க?”

“மெஷின்ல ஜீரோ வந்திச்சுங்க ஐயா” என்றேன். சொல்லும்போதே கூனிக் குறுகிப் போனேன்.

வெளியே வராந்தாவில் அந்தக் கணவர் என்னை நிறுத்தினார்.

“ரெண்டு வருசமா அந்தாள குடிகாரன் குடிகாரன்னு சாபம் வுட்டுக்கினு கீறேன். அவரு சொல்லியுமா அனுப்புன?”

“ஆமாண்ணா.”

வைவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் வேறு எங்கேயோ பார்த்தபடி, “அவ அன்னிக்கி வரலன்னுதான் சொன்னா. வெயிலா கீது, நீ போய்ட்டு வான்னா. நான்தான் வம்பு பண்ணி இட்டுனு போனேன்” என்றார். பிறகு ஊன்றுகோலை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்.

டிரைவருக்கு இரண்டு வருடம் சிறை. தூக்கம் வருவது தெரிந்தும் ஓட்டினார் என்பதற்கு என் சாட்சியே ஆதாரமாகிவிட்டது. பாதிப் பாரத்தை நான் தூக்கலாம் என்று நினைத்து உண்மையைச் சொன்னேன். அதுவும் அவர் தலையிலேயே ஏறியது. சாட்சி சொன்ன மறுநாளே என் வேலை போயிருந்தது. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

இப்போது குன்றத்தூரில் ஒரு துணிக்கடையில் இருக்கிறேன். அவர் செய்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது, தண்டனை இருக்கிறது, அது முடியும் நாளும் இருக்கிறது. நான் செய்ததற்கு யாரும் எந்தப் பெயரையும் படிக்கவில்லை என்பதால், அது என்றைக்கு முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.