நான் போகாத கூட்டங்கள்

மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்து நடந்த முதல் தேர்தலில் நான் ஊராட்சித் தலைவரானேன். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். நின்றது நான், ஜெயித்தது என் வீட்டுக்காரர். மாலை அவர் கழுத்தில்தான் விழுந்தது. நான் அடுப்படியில், வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஓட்டுக் கேட்கப் போனபோது ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். கீழத்தெருப் பெண்கள் விடியுமுன் வாய்க்கால் கரைக்குத்தான் ஒதுங்கப் போவார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி அங்கே வழுக்கி விழுந்து பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கழிப்பறை கட்டித் தரேன்” என்று சொல்லியிருந்தேன்.

இரண்டு வருஷம் நான் ஆபீஸ் வாசலை மிதிக்கவில்லை. “உனக்கு எதுக்கு அலைச்சல், நான் பாத்துக்கிறேன்” என்பார் அவர். இடையில் எப்போதோ, அந்தப் பெண் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

நெல்லில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று அவர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். மறுவாரம் நான் ஆபீசுக்குப் போனேன். நல்ல பகல். பக்கத்து வயலில் நடவு ஆட்கள் பேசுவது கேட்டது. கிளார்க் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

‘தலைவர் அவர்கள் தலைமை வகித்தார்.’ ‘தலைவர் அவர்கள் விளக்கம் அளித்தார்.’ பக்கம் பக்கமாக நான் பேசியிருந்தேன். ஒரு கூட்டத்தில் உறுப்பினர்களைக் கண்டித்தும் இருந்தேன். அந்தத் தேதியில் எனக்கு அம்மை போட்டிருந்தது, வேப்பிலையில் படுத்துக் கிடந்தேன். பயந்துபோய், தேதியை விரல் வைத்து மறுபடி படித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் பெயர், சாய்ந்த எழுத்தில், வால் நீட்டி, நான் எழுதுவதைவிட அழகாக இருந்தது.

நடுவில் ஒரு பக்கம். ‘கீழத்தெருவில் பெண்கள் கழிப்பறைக்கு அவசியம் இல்லை என்று தலைவர் அவர்கள் தெரிவித்தார்.’ அதை ஊர்க் கூட்டத்தில் வாசித்தும் காட்டியிருக்கிறார்கள். அவள் முகம் திருப்பியது அப்போதுதான் விளங்கியது. பயத்தைத் தள்ளிக்கொண்டு ஆத்திரம் வந்தது.

அந்த வாரமே கூட்டம் போட்டேன். கழிப்பறை வேண்டும் என்று எழுதவைத்து என் கையால் கையெழுத்துப் போட்டேன். கிளார்க் உற்றுப் பார்த்தார்.

“இது தலைவர் கையெழுத்து இல்லீங்களே.”

“நான்தானேங்க தலைவர்?”

“சரிதாங்க. ஆனா பேங்க்லயும் பழசுதான் இருக்கு. மாறுச்சுன்னா செக்கத் திருப்பிடுவாங்க. மாத்தணும்னு போனா, அப்ப இத்தன நாளு போட்டது யாருன்னு கேப்பாங்க.”

மாற்றப் போனால் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போவார். போகாவிட்டால் கழிப்பறை வராது.

அன்று மத்தியானம் முழுக்க என் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய பக்கங்களைப் பார்த்துப் பார்த்து அந்தக் கையெழுத்தை எழுதிப் பழகினேன். சாயங்காலத்துக்குள் கிளார்க்குக்கே வித்தியாசம் தெரியவில்லை.

கழிப்பறை வந்தது. அவள் மறுபடியும் என்னோடு பேசினாள். எனக்குத்தான் இன்றைக்கும் எந்தக் காகிதத்தில் பேனாவை வைத்தாலும் அந்தச் சாய்ந்த எழுத்தே வருகிறது. என்னுடையது எப்படி இருந்தது என்று தனியாக உட்கார்ந்து எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். கை மறந்துவிட்டது.