மாலைக்கு மேல் தண்ணீர் கிடையாது

குரோம்பேட்டையில் குடியிருந்த சாவித்ரி, டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில் கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டு, பெருங்களத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் தானாகவே போய்ச் சேர்ந்தாள். பக்கத்துக் கட்டிலில் அனகாபுத்தூர் கிளியம்மாள். மகன் கொண்டுவந்து விட்டுப் போனவள்.

அங்கே சாயங்காலக் காபிக்கு மேல் குடிதண்ணீர் கிடையாது. ராத்திரி படுக்கையை நனைத்தால் யார் துவைப்பது என்று செயலாளர் பக்தவச்சலம் போட்ட சட்டம். தண்ணீர்ப் பானையைத் தூக்கிப்போய்ப் பூட்டிவிடுவார்கள். ஒருநாள் கிளியம்மாள் பாத்ரூம் வாளியிலிருந்து கையால் அள்ளிக் குடிப்பதைச் சாவித்ரி பார்த்தாள். ஆயா மலத்துணி அலசும் வாளி அது.

"இன்னா பண்றதும்மா, நாக்கு வறண்டு பூடுது," என்றாள் கிளியம்மாள்.

சாவித்ரி அந்த வாளியைக் கவிழ்த்துவிட்டாள்.

அது தொண்ணூற்றொன்பது, முதியோர் ஆண்டு. இல்லங்களுக்கு விதிமுறை எழுத அரசாங்கத்தில் ஒரு குழு போட்டார்கள். முதியோர் தரப்பிலும் ஒருவர் வேண்டுமாம். இங்கிலீஷ் தெரிந்தவள் என்று பக்தவச்சலமே சாவித்ரியின் பெயரைக் கொடுத்தார். அவரும் அதில் உறுப்பினர்.

தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். சாவித்ரி எழுந்து வாளிக் கதையை அப்படியே சொன்னாள். தலைமை வகித்த அதிகாரி கையமர்த்தினார்.

"அது உங்க ஹோம் பிராப்ளம்மா. இங்க நாம பாலிசி பேசறோம்."

"குடிக்கத் தண்ணி குடுக்கணும்னு பாலிசில ஒரு வரி எழுதுங்க சார்."

பக்தவச்சலம் சிரித்தார். "வயசாயிடுச்சு இல்லையா சார், கொஞ்சம் எமோஷனல் ஆயிடறாங்க."

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு அவளுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். வெளியே வந்து சாக்கடை ஓரம் அதை உருவிப் போட்டாள்.

விதிமுறை நகல் வந்தது. பெயர்ப்பலகை, பூந்தோட்டம், பஜனை ஹால் எல்லாம் இருந்தன. முதியோரின் கருத்து கேட்டறியப்பட்டது என்றும் இருந்தது. தண்ணீர் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வேன் வந்து நின்றபோது சாவித்ரி கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"உங்க பேர் போட்டாச்சேம்மா," என்றார் பக்தவச்சலம்.

"எடுத்துடுங்க. உங்களோட உக்காந்தா எனக்கு வாந்தி வரது."

அவளுக்குப் பதிலாக, அடுத்த அறையில் இருந்த, எதற்கும் தலையாட்டும் பட்டு மாமியை அழைத்துப் போனார்.

சாவித்ரி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு மண்பானை வாங்கிவந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவே வைத்தாள். அதை எடுக்க வந்த ஆயாவிடம், "தொட்டுப் பாரு," என்றாள். ஆயா திரும்பிப் போய்விட்டாள். கிளியம்மாள் நனைத்த விரிப்புகளைக் குழாயடியில் இருவரும் தாங்களே அலசினார்கள். மற்ற அறைகளில் சாயங்காலமானால் பானையைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.