முள்ளென்று நினைத்த எலும்பு

என் கணவருக்குத் தொண்டையில் குத்தத் தொடங்கிய அன்று எங்கள் வீட்டில் சூடைமீன் குழம்பு. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் எங்களுக்கு, மீன் சாப்பிட்டபின் தொண்டையில் எது உறுத்தினாலும் அது முள்தான். வைத்தியமும் எல்லோருக்கும் தெரிந்ததே. வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்க வேண்டும்; அதற்கும் போகாவிட்டால் வாழைப்பழம். அவர் இரண்டையும் செய்தார். அடுத்த வாரமும் செய்தார். "உங்களுக்குச் சோறு போட்டது போய், இப்ப முள்ளுக்கெல்லோ சோறு போடுறன்" என்று நான் பகிடி பண்ணினேன்.

முள் இறங்கவில்லை. எச்சில் விழுங்கினால் வலது பக்கம் குத்தும், காதுக்குள் இழுக்கும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப ஏலாமல் முழு உடம்போடும் திரும்புவார். வருடத்தில் ஒருநாள் எங்கள் மாதா கோயிலில் சுவாமியார் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்து ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்துச் செபிப்பார். தொண்டையில் முள் சிக்கிய பிள்ளையைக் காப்பாற்றிய புனிதரின் திருநாள் அது. கடற்தொழில் செய்யும் குடும்பங்கள் ஒருவர் விடாமல் வருவார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் கோயில் வாசல் மிதிக்கும் என் கணவர் அந்த வருடம் வரிசையில் முதல் ஆள். அவரைக் கோயிலுக்குக் கொண்டுவர நான் இத்தனை காலம் மன்றாடியதை ஒரு முள் செய்துவிட்டதே என்று எனக்கு ஒரே சிரிப்பு.

பிறகு, பழி கடைவாய்ப் பல்லின் மேல் விழுந்தது. அவருடைய பற்களைப் பற்றி நான் பேசாமலிருப்பதே மரியாதை. வெற்றிலை போட்டுக் காவியேறிய பற்கள். பல்லைச் சுற்றி முரசு வீங்கி, விடிந்தால் இரத்தம் கசியும். ஆடிய பற்களை அவரே கையால் பிடுங்கி எறிந்திருக்கிறார். வலது பக்கத்தில் மிஞ்சி நின்ற ஒன்றை ஒரு பல் வைத்தியரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பல் போனது, குத்து போகவில்லை.

அதற்குப் பிறகுதான் மனுசன் மாறினார். வெற்றிலையை விட்டார். முன்பெல்லாம் சீனன்குடாவில் வேலை முடிந்து வந்தால் கதிரையில் சாய்ந்து டிவியைப் போடுகிறவர், இப்போது வாசலில் நின்றே "இஞ்சேர், வெளிக்கிடும்" என்று என்னை வெளியே கூட்டிப்போவார். அங்கேயிருக்கும் விமானத்தளத்து வேலியோரம் ஆளில்லாத ரோட்டில் எனக்கு ஸ்கூட்டர் பழக்கினார். பின் கம்பியைப் பிடித்தபடி ஓடிவருவார். "முன்னுக்குப் பாரும்! வேலிக்குள்ள விடப்போறீர்!" நான் வேலிக்குள்ளேயேதான் விட்டேன். காவலுக்கு நின்ற விமானப்படைக்காரர் துவக்கைத் தோளில் மாட்டியபடி விழுந்து விழுந்து சிரித்தார்.

கிணற்று மோட்டர் காற்றுப் பிடித்தால் எங்கே தண்ணீர் ஊற்றுவது, ஃபியூஸ் போனால் என்ன செய்வது, காஸ் சிலிண்டரை எப்படி மாற்றுவது, எல்லாம் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார். பிழை விட்டாலும் ஏசவில்லை. பிறகு கிண்ணியாப் பாலத்தடிக்குப் போவோம். அங்கே ஒரு முஸ்லிம் காக்காவின் கடையில் சட்டித் தயிர் வாங்கி, இனிப்புப் பாணி விட்டு, பாலத்தடியில் இருந்து சாப்பிடுவோம். தண்ணீரில் வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். அவர் கதைப்பார். கலியாணத்துக்கு முதல் என்னைப் பார்க்க எங்கள் ஒழுங்கையால் சைக்கிளில் சும்மா சும்மா போய்வந்ததை அப்போதுதான் சொன்னார். ஐம்பது தாண்டியவளுக்கு வந்த வெட்கத்தை யாரிடம் சொல்வது? பின்னேரமானால் நானே முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு காத்திருந்தேன். இன்றைக்கும் அந்தப் பின்னேரங்களுக்காக மனம் ஏங்குகிறது.

ஒரு குறைதான். ஓட்டை விழுந்த வாயோடு சிரிக்கிறாரே என்று, பல் செட் கட்டச் சொல்லி நச்சரித்தேன். தொண்டையைக் காட்ட எந்த டொக்டரிடமும் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர், பல்லுக்கு என்றபடியால் சம்மதித்தார்.

அந்தப் பல் டொக்டர் இளம் பெண். முகத்தைச் சுற்றிவரும் ஒரு மெஷினில் எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் பற்களைப் பார்க்காமல் காதுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையுறை போட்ட விரலை வாய்க்குள் விட்டு, தொண்டையின் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினார். என் கணவர் துள்ளிவிட்டார்.

"அதுதான் டொக்டர்! அந்த முள்ளுத்தான்!"

"இது முள்ளில்லை ஐயா. காதுக்குக் கீழ ஒரு மெல்லிய எலும்பு இருக்கு. அதில இருந்து நாக்குக்கு அடியில இருக்கிற எலும்புக்கு ஒரு நார் போகுது. அது மெத்தெண்டு இருக்கவேணும். உங்களுக்கு அதில கல்சியம் படிஞ்சு எலும்பு மாதிரி ஆயிட்டுது. விழுங்கேக்க, தலையைத் திருப்பேக்க அது குத்துது."

"இந்தப் பல்லுகளாலதான் வந்ததோ?" என்று நான் கேட்டேன்.

"அடிச்சுச் சொல்ல ஏலாது அம்மா. முரசு வருத்தம் உள்ள ஆக்களிலயும் இதைப் பாக்கிறம், நல்ல பல்லு உள்ள ஆக்களிலயும் பாக்கிறம். ஆனா இந்த நோவைப் பல்லு நோவெண்டு நினைச்சுப் பல்லைப் பிடுங்கிறது நடக்கிறதுதான்."

என் கணவர் நாக்கால், பல் போன ஓட்டையைத் தடவினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அப்ப, கான்சர் இல்லையோ?"

அவருடைய அண்ணன் வாய்ப் புற்றுநோயில் செத்தவர். அவரும் வெற்றிலை போட்டவர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை.

"படத்தில அப்பிடித் தெரியேல்ல. ஆனா வெத்திலை போட்ட வாய். ஒருக்காத் தொண்டை டொக்டரிட்டயும் காட்டுங்கோ."

அடுத்த கிழமைதான் தொண்டை டொக்டரைப் பார்க்க முடிந்தது. இவர் இவ்வளவு நாளும் தனியே பட்ட பயத்தை அந்த ஏழு நாளில் நானும் பட்டேன். வெற்றிலையை ஏன் விட்டார், மோட்டரை ஏன் பழக்கினார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. கேட்கப் பயமாக இருந்தது. தொண்டை டொக்டர் குழாய் விட்டுப் பார்த்தார், ஸ்கானும் எடுத்தார். நார்தான், வேறு ஒன்றுமில்லை, மருந்துக்குக் கேட்காவிட்டால் வெட்டி எடுக்கலாம் என்றார். வெளியே மரத்தடி வாங்கில் வந்து அமர்ந்தோம்.

"ஸ்கூட்டர் பழக்கினது இதுக்குத்தானே?"

"ஓம். நான் இல்லாட்டி நீர் பஸ்ஸுக்கு நிண்டு கஷ்டப்படுவீர் எண்டு."

"மோட்டர், ஃபியூஸ் எல்லாம்?"

"ஓம்."

"தயிர்?"

"அது விழுங்க லேசு." பிறகு, "உம்மோட இருக்கவும் ஆசையா இருந்தது" என்றார்.

எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. பாவி மனுசன் சாவுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பவுடர் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன். என் வாழ்க்கையிலேயே சந்தோசமான காலம் எது என்று யாராவது கேட்டால் அந்த மாதங்களைத்தான் சொல்லியிருப்பேன். அவ்வளவும் என்னைத் தனியே விட்டுப் போவதற்கான ஆயத்தமா? அன்று அவரை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவளும் நான்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் ஸ்டார்ட் பண்ணும் திறப்பை அவருடைய கையில் வைத்தேன்.

"எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. நாளைக்கு முதலில இருந்து பழக்கிவிடுங்கோ."