வராண்டாவுக்கு முதுகு காட்டி நின்றவர்

வியாழக்கிழமை காலை எங்கள் படகு கிளப்பின் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, தாமோதரன் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்றார். "பாவம் சார், ரொம்ப ஜாலியான மனுஷன். முதல் நாளே பிசிபேளே பாத்ல படகு ஏத்தினவராச்சே" என்று சொல்லி லேசாகச் சிரிக்கவும் சிரித்தார். நான் ரிசீவரை வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பு மூட்டிய கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

தாமோதரன் ஜாலியான மனிதர் அல்லர். பெங்களூரில் நான் பழகியவர்களிலேயே பெரிய கோபக்காரர் அவர்தான். அவருடைய தாத்தா மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். அரசுத் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. கேண்டீனில் யாராவது ஒருவரை வைத்து நாலு பேர் கேலி செய்தால், தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஏன் என்று கேட்டால், "எனக்கு அந்தச் சத்தம் ஆகாது" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் இருவரும் விருப்ப ஓய்வு பெற்றோம். நான் வீடு கட்டினேன். அவர் கோவாவிலிருந்து ஒரு பழைய விசைப்படகை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அத்திபெலேவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் ஒரு கிளப், மரப்பலகை போட்ட படகுத்துறை, அதைப் பார்த்தபடி நீளமான வராண்டா. ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகி வந்த காலம். காரை வாங்கி முடித்தவர்கள் படகு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய வற்புறுத்தலால் நானும் உறுப்பினர் ஆனேன்.

முதல் நாள் படகுக்குப் பூஜை போட்டார்கள். தேங்காய் உடைத்து, முகப்பில் சாமந்தி மாலை கட்டி, மனைவி கமலா அம்மாவை உட்காரவைத்துத் தாமோதரன் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பித் துறையை அணையும்போதுதான் வந்தது வினை. படகுக்கு பிரேக் கிடையாது. தூரத்திலேயே கியரை விலக்கி, மிதந்தபடி வந்து சேர வேண்டும். முப்பது வருஷம் கார் ஓட்டிய மனிதரின் வலது கால் பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. படகு மாலையும் மஞ்சளுமாகத் துறைமேல் ஏறி, சாப்பாட்டு மேசையைச் சாய்த்து, பிசிபேளே பாத் அண்டாவுக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

வராண்டா முழுக்கக் கைதட்டியது. அந்தக் கிளப்பின் வழக்கம் அது. துறையில் எவர் சொதப்பினாலும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். சொதப்பியவர் குனிந்து வணக்கம் வைத்து, எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். தாமோதரனும் வணக்கம் வைத்தார், பஜ்ஜி வாங்கினார். கமலா அம்மா புடவையெல்லாம் சாம்பாராக, அழுதபடி காருக்குள் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த அம்மா ஏரிப் பக்கம் வரவே இல்லை. மனைவிக்குக் காட்டத்தான் தாமோதரன் படகே வாங்கினார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தாமோதரன் எழுந்து, கைதட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றார். "ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோங்க சார்" என்றார் தலைவர். "ஹோக்லி, போகட்டும் விடுங்க, ஒரு பஜ்ஜிக்குப் போய்" என்றார் இன்னொருவர்.

"பஜ்ஜி இல்ல விஷயம். நீங்க தட்ட ஆரம்பிச்சா, ஓட்டுறவன் தண்ணியப் பாக்க மாட்டான், வராண்டாவப் பாப்பான். இடிக்கறத விட மானம் போறதுக்குப் பயப்படுவான். அந்தப் பயத்துல கையக் காலக் குடுப்பான்" என்றார் தாமோதரன்.

அதற்கும் கைதட்டினார்கள்.

அவர் சொன்னதை ஞாயிறுதோறும் கண்ணால் பார்த்தோம். ஒரு வங்கி அதிகாரி, கைதட்டுவதற்குள் கட்டிவிட வேண்டும் என்று கயிற்றோடு கரைக்குத் தாவினார். கயிற்றின் மறுமுனை படகில் கட்டப்படவே இல்லை. அவருடைய மாமியாரைச் சுமந்துகொண்டு படகு ஏரி நடுவுக்குப் போயிற்று. இன்னொருவர் கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் வேகமெடுத்து, துறையின் ஒரு பலகையைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே போனார். சிரிப்பு வரத்தான் செய்யும், நான் கல் அல்ல. ஆனால் தாமோதரன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எவர் படகு வந்தாலும் எழுந்து துறைக்குப் போய், வராண்டாவுக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். வருகிறவருக்கு அவர் முகம் மட்டும்தான் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. "மெதுவா வாங்க. ஒரு அவசரமும் இல்ல" என்று சொல்லிக் கயிற்றை வாங்கிக்கொள்வார். இதற்கும் அவரைக் கேலி செய்தார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு. ஒரு இளைஞர், புதுப் படகு, பெரிய எஞ்சின். வந்த வேகத்தைப் பார்த்ததுமே வராண்டா எழுந்துவிட்டது. இடிப்பதற்கு முன்பே தட்டத் தொடங்கிவிட்டது. அந்தப் பையனின் கண் மேலே வராண்டாவுக்குப் போனதை நான் பார்த்தேன். இடிக்கும் சத்தம் கேட்காமல் சமாளித்துவிடலாம் என்று எண்ணி, விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டினான். அத்தனை கனமான படகை ஒரு காலால் நிறுத்தப் பார்த்தான்.

"காலு ஒளகே, காலு ஒளகே" என்று தாமோதரன் கத்தினார். காலை உள்ளே எடு என்று கன்னடத்தில். கத்திக்கொண்டே குனிந்து, இரண்டு கையாலும் படகை எதிர்த்துத் தள்ளினார். பையன் காலை இழுத்துக்கொண்டான். தாமோதரன் நிலை தடுமாறிப் படகுக்கும் துறைக்கும் நடுவே விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். பிறகு காய்ச்சல், பிறகு நுரையீரல். அவர் திரும்பவில்லை.

நடு ஹாலில் அவர் படத்தை வைத்து இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தலைவர் அவரை "நம்மோடு சேர்ந்து சிரித்த ஸ்போர்ட்ஸ்மேன்" என்றார். ஒருவர் அண்டாக் கதையை எடுத்தார், நாலு பேர் புன்னகைத்தார்கள். துறைக்கு அவர் பெயரை வைப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். கைதட்டலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பது பழைய கதை. இங்கே எலி செத்தபின் அதற்கு மாலையும் போட்டார்கள்.

கிளப்பின் ஆண்டு மலருக்கு ஒரு அஞ்சலி எழுதித் தரும்படி செயலாளர் என்னிடமே கேட்டார். "அந்த ஆக்சிடென்ட் விஷயத்த மட்டும் கொஞ்சம் சாஃப்டா எழுதுங்க. ஃபேமிலிக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார்.

குடும்பத்தையே கேட்டுவிடலாம் என்று ஜெயநகர் வீட்டுக்குப் போனேன். கமலா அம்மா கணவருடைய மூக்குக் கண்ணாடிகளைத் துடைத்து, யாருக்காவது கொடுக்க எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கை நின்றது.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அவர் விழுந்தப்பவும் தட்டினாங்களா?"

விழுந்தது அவர்களுக்குத் தெரியவில்லை, அதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டினாங்கம்மா. நான் தண்ணில குதிச்ச பிறகுதான் நின்னுச்சு."

அவர் அழவில்லை. கண்ணாடியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"அதை எழுதுங்க. வேற எதை விட்டாலும் அதை விட்டுடாதீங்க."

எழுதிவிட்டேன், தாமோதரன் சார். இதை அவர்கள் அச்சிட மாட்டார்கள், அதனால் வேறு இடத்தில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் மெதுவாகப் போய்ச் சேருங்கள். ஒரு அவசரமும் இல்லை.