பச்சை ஏறாத பேட்ச்

ஓசூரில், செடிகளின் வேர்வாடல் நோய்க்குத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் பாக்டீரியாப் பொடி தயாரிக்கும் கம்பெனியில் நான் லேப் பொறுப்பில் இருக்கிறேன். தொட்டியில் வளரும் பாக்டீரியா தன்னைக் காக்கத் தடித்த உறை கட்டிய பிறகே அதைக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் செத்துவிடும்.

உறை கட்டுமுன் பாக்டீரியா தனக்குள் ஓரமாக ஒரு சுவர் எழுப்பும். அப்போது குரோமோசோமில் மூன்றில் ஒரு பங்குதான் அந்தச் சின்ன அறைக்குள் இருக்கும். மீதியை ஒரு புரதம் சுவர் வழியாக உள்ளே தள்ளி முடிக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

ஒரு நாள், தொட்டியிலிருந்து ஒரு துளி எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உறை கட்டியவை பச்சையாகத் தெரியும். கண்ணில் பட்டதெல்லாம் சிவப்பு. இன்னும் சில மணி நேரம் விட்டிருக்க வேண்டும்.

"டிரையர் சும்மா நிக்குது மேடம், தொட்டிய இறக்கிடலாமா?" என்றார் ஆபரேட்டர்.

கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், "இறக்குங்க" என்று கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் கெலமங்கலத்திலிருந்து ஒரு விவசாயி, வாடிய தக்காளிச் செடியோடும் எங்கள் பொடிப் பாக்கெட்டோடும் வந்தார். பாக்கெட்டில் அன்றைய பேட்ச் எண்.

"தோட்டம் முச்சூடும் போச்சுங்க மேடம். நான்தான் தண்ணி ஜாஸ்தி கலந்துட்டனோ என்னமோ. எவ்ளோ ஊத்தணும்னு சரியா சொல்லுங்க."

உண்மை வாய்வரை வந்தது. நானோ ஒரு தாளில் அளவை எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது எந்தத் தொட்டியையும் பாதியில் இறக்க நான் விடுவதில்லை. அவரோ, செய்யாத தப்பைத் திருத்திக்கொள்ள, தண்ணீரை அளந்து அளந்து ஊற்றிக்கொண்டிருப்பார்.