அலாரம் அக்கா

காலை ஒன்பது மணிக்கு அக்கா முதலில் செய்கிற காரியம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை வேண்டுமென்றே உடைப்பது. கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கியிருக்க மாட்டார். தானே எழுதி வைத்திருக்கும் ஒரு சோதனைப் பக்கத்தைக் கணினியில் திறந்து, அதிலுள்ள பொத்தானை அழுத்துவார். பிழை வந்து தடுக்கி விழுவதைத் தவிர அந்தப் பொத்தானுக்கு வேறு வேலை கிடையாது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு, அலமாரி மேல் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான்கு நொடி, ஐந்து நொடி. ‘டிங்’ என்று அடித்து, பக்கத்திலிருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். “உசுரோடதான் இருக்கு” என்பார், யாரிடம் என்றில்லாமல்.

அலாரம் அக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. எனக்கு நாற்பது ஆகிவிட்டது, ஆனாலும் அவருக்குத் தம்பிதான். எங்கள் அலுவலகம் மொத்தம் மூன்று அறை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் மையங்கள் ஏழு எங்களோடு இணைந்திருக்கின்றன. அவற்றில் சிகிச்சைக்கு நிரந்தர நாற்காலி கிடைக்காதவர்கள் எங்கள் இணையச் செயலியில் ஒவ்வொரு முறையும் இடம் பிடிக்க வேண்டும். செயலியைக் கட்டிக் காப்பது அக்கா. “இடம் கிடைக்கலையே” என்று அழைப்பவர்களுக்குப் பதில் சொல்வது நான். வாரத்துக்கு மூன்று முறை சுத்திகரித்தாக வேண்டிய உடம்பு அவர்களுடையது, ஒரு முறை தவறினாலே நீர் கோத்துக்கொள்ளும்.

அக்கா வருவதற்கு முன் செயலியில் எது உடைந்தாலும் எங்களுக்குத் தெரிய ஒரே வழி, என் தொலைபேசிதான். யாராவது கூப்பிட்டுத் திட்டினால் உண்டு. வந்த முதல் வாரமே அக்கா ஒரு கேள்வி கேட்டார். கூப்பிடாதவர்கள் எத்தனை பேர்?  “வெப்சைட் உடைஞ்சா ஜனங்க வெப்சைட்டைத் திட்டமாட்டாங்க தம்பி. நமக்குத்தான் தெரியலன்னு தன்னையே திட்டிட்டுப் பேசாம போயிடுவாங்க” என்றார்.

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. எங்கோ ஒருவர் கைபேசியில் செயலி தடுக்கி விழுந்தால், என்ன நடந்தது, எந்தப் பக்கத்தில், அதற்கு முன் அவர் எதை அழுத்தினார் என்று ஒரு குறிப்பு உடனே எங்களுக்கு வந்துவிடும். ஒரே மாதிரிக் குறிப்புகளெல்லாம் ஒரே தலைப்பின் கீழ் போய்ச் சேரும். மின்னஞ்சலில் வந்தால் போதாதா என்று மேலாளர் கேட்டுப் பார்த்தார். “மெயில்ல அழுதா யாருக்குக் கேக்கும்?” என்று அக்கா ஒலிபெருக்கியை வாங்கி மாட்டிவிட்டார்.

இந்தக் குணம் அலுவலகத்தோடு நிற்பதில்லை. புதிய கட்டடத்துக்குப் போனால் லிஃப்டில் ஏறியதும் அபாயப் பொத்தானை அழுத்துவார். காவலாளி பதறிக்கொண்டு வந்தால் நன்றி சொல்வார், வராவிட்டால் அடுத்த நாள் கடிதம் எழுதுவார். வீட்டில் புகை வந்தால் கத்தும் கருவி ஒன்று வைத்திருக்கிறார், அது கத்துகிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை ரொட்டியைக் கருக்குவார். கருகிய ரொட்டியைத் தின்பது அவர் வீட்டுக்காரர், மருந்துக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். “நல்லாயிருக்கேன்னு சொன்னா இவ நம்பமாட்டா. லேசா காய்ச்சல்னு சொன்னாத்தான் நிம்மதியாவா” என்று என்னிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

இப்படிப்பட்டவரையும் ஒரு நாள் சறுக்க வைத்தேன். அந்தப் பழியில் பாதி எனக்குச் சேர வேண்டியது. அதைச் சொல்லாமல் இந்தச் சித்திரத்தை முடித்தால் நான் மனிதனே இல்லை.

ஒலிபெருக்கி மாட்டிய நாள் முதல் எனக்குத் தலைவலி. பேருந்து சுரங்கப் பாதைக்குள் போகும், பயணியின் கைபேசியில் சிக்னல் போகும், இங்கே ‘டிங்’. யாரோ லிஃப்டுக்குள் நுழைவார், ‘டிங்’. ‘சர்வரை எட்ட முடியவில்லை’ என்ற அந்த ஒரே தலைப்பின் கீழ் ஒரு நாளைக்கு முந்நூறு வரும். எதிர்முனையில் நோயாளி மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பார், எனக்குக் காதில் விழாது. மூன்று வாரம் பல்லைக் கடித்தேன். நான்காவது வாரம் வெடித்துவிட்டேன். ஒன்று அது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்றேன். இன்னும் கொஞ்சம் அதிகமாகவும் பேசினேன்.

அக்கா திரையில் அன்றைய வரிகளை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். பிறகு அந்தத் தலைப்பை மட்டும் அமைதியாக்கினார். குறிப்புகள் வந்து சேரும், மணி அடிக்காது. அறை நிம்மதியானது. நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அது நடந்து மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரு தையற்கார அம்மா கூப்பிட்டார். குரல் தெரிந்த குரல்தான். திங்களன்றும் கூப்பிட்டிருந்தார். இடம் பதிந்ததாகவும், திரையில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று வந்ததாகவும், ஆறாவது மையத்துக்குப் போனால் பட்டியலில் பெயரே இல்லை, நாற்காலியும் காலியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் அன்று சொன்னார். நெட் சரியாக இருந்திருக்காது, மறுபடி போடுங்கள் என்று நான் சொல்லி வைத்தேன். அந்த வாரத்தில் இதே மாதிரி இன்னும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள், அவர்களுக்கும் அதே பாட்டைத்தான் பாடினேன்.

“இன்னிக்கும் பேரு இல்லைங்கறாங்கப்பா” என்றார் அந்த அம்மா இப்போது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினார். “வெளிய பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கேன். நான்தான் சரியா அமுக்கல போல.”

கடைசியாக எப்போது சுத்திகரித்தார் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை. விரல் விட்டு எண்ணினேன், ஐந்து நாள்.  அங்கேயே இருங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் கைபேசி அணைந்திருப்பதாகச் செய்தி.

நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன்.  அக்கா நேராக அமைதியாக்கிய தலைப்பைத் திறந்தார். சிக்னல் போன ஆயிரக்கணக்கான வரிகள். அதில் ஆறாவது மையத்துக்கு அனுப்பியவற்றை மட்டும் பிரித்தெடுத்தார். ஐந்து நாளில் பத்தொன்பது வரி, பதினொரு பேர். சிக்னல் நன்றாக இருந்தவர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அந்த மையத்தில் கணினியை மாற்றியிருக்கிறார்கள், அதன் இணைய முகவரியும் மாறியிருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் செயலி பழைய முகவரியின் கதவையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பதில் வருவதற்கு முன்பே ‘பெற்றுக்கொண்டோம்’ என்று சொல்லிவிடும் அவசரக் குணம் வேறு அதற்கு. பெயர் வராத நாற்காலிகளை மையத்தில் நேரில் வந்து நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தவறுகளும் ‘சர்வரை எட்ட முடியவில்லை’ என்ற தலைப்பின் கீழேயே சேர்ந்திருந்தன. நியாயமாகப் பார்த்தால் பத்தொன்பது முறையும் மணி அடித்திருக்க வேண்டும்.

“மணி அடிக்குதான்னு தினம் சோதிச்சேன்” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நிறுத்தினப்புறம் எதெல்லாம் அடிக்காம போகுதுன்னு சோதிக்கல.”

நான் சொல்லித்தானே நிறுத்தினீர்கள் என்று ஆரம்பித்தேன்.

“காது கேக்கலன்னு நீ சொன்னே. நிறுத்தினது நான். மையத்துக்குப் போன் போடு.”

முகவரியைத் திருத்த அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதனால் யாருக்கும் அந்த நேரத்தில் ஒரு பயனும் இல்லை. மையத்துத் தலைமை சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ஒரு நாற்காலியை ஒதுக்குவதாகவும், பேருந்து நிறுத்தத்துக்கு ஆள் அனுப்புவதாகவும் சொன்னார். மீதிப் பத்துப் பேரை நாங்கள் இருவரும் பிரித்துக்கொண்டோம். அக்காவுக்குத் தொலைபேசி என்றாலே ஆகாது, கடைக்காரரிடம் பேசக்கூட வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். அன்று எண்களை ஒவ்வொன்றாகத் தானே அழுத்தினார். ஒருவர் வேறு மையத்தில் இடம் பிடித்துவிட்டார். ஒருவர் கால் வீங்கிப் படுத்திருந்தார், அவரை உடனே கிளம்பச் சொன்னோம். ஒருவரின் மகன் எங்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டான். அக்கா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, அப்பாவுக்கு எந்த மையம் கிட்டே என்று விசாரித்தார்.

பதினொன்றேகாலுக்குள் பத்துப் பேருக்கும் வழி கிடைத்துவிட்டது. தையற்கார அம்மா மட்டும் இல்லை. நிறுத்தத்தில் யாருமே இல்லை என்று மையத்திலிருந்து சொன்னார்கள். கைபேசி அணைந்தே கிடந்தது. அக்கா பென்சிலை மேசையில் நிமிர்த்தி வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்த எண்ணை எத்தனை முறை போட்டேன் என்று தெரியாது. திங்களன்று அவரிடம் என்ன தொனியில் பேசினேன் என்பது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. 

பதினொன்று நாற்பதுக்கு சிஸ்டர் கூப்பிட்டார். வெயில் தாங்காமல் அந்த அம்மா பக்கத்துக் கட்டடத்தின் படிக்கட்டில் போய்ச் சாய்ந்திருந்தாராம். முகமெல்லாம் ஊதிப்போயிருந்ததாம். தூக்கிக்கொண்டு வந்து கருவியில் போட்டாயிற்று. கைபேசியில் சார்ஜ் இல்லை, ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை. அக்கா அழவில்லை. பகல் ஒன்றரை வரை பொறுத்திருந்து, என்னிடம் அந்த அம்மாவின் எண்ணைக் கேட்டு வாங்கித் தன் கைபேசியிலிருந்து அழைத்தார். கைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார்.

“தப்பு எங்களோடதும்மா. நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க. ரெண்டு தடவையும்.”

 “அப்படியா?” என்றார் அந்த அம்மா. “நான் எம்மருமககிட்டகூட சொல்லல. இதுகூடவா தெரியலன்னு கேப்பாளேன்னு.”

 அப்போது மறுமுனையில் டயாலிசிஸ் கருவி கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அக்கா சட்டென்று நிமிர்ந்தார். செருப்புச் சத்தம் ஒன்று நெருங்கி வந்தது. கத்தல் நின்றது.

“என்னம்மா அது? பாத்துட்டு நிறுத்தினாங்களா, சும்மா நிறுத்தினாங்களா?”

“குழாய் மடங்கியிருந்துச்சாம். நீட்டிவிட்டுட்டுத்தான் நிறுத்தினாங்க.” குரல் தேய்ந்துகொண்டே போனது. “கண்ணு சொக்குதும்மா...”

கைபேசியைத் தலைமாட்டில் வைத்திருப்பார் போலிருக்கிறது. இணைப்பைத் துண்டிக்காமலே தூங்கிவிட்டார். கருவி ஓடும் சத்தமும் மெல்லிய குறட்டையும் கேட்டுக்கொண்டிருந்தன. துண்டித்துவிடலாமே என்று நான் சைகை காட்டினேன். அக்கா தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். கைபேசியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு, சிக்னல் போனதையும் மையம் கதவு திறக்காததையும் இரண்டு தலைப்பாகப் பிரிக்கும் வேலையில் இறங்கினார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அந்தக் கருவி மூன்று முறை கத்தியது. மூன்று முறையும் அக்காவின் பத்து விரல்களும் விசைகளை விட்டு எழும்பி, செருப்புச் சத்தம் அந்த அம்மாவின் நாற்காலியருகே வந்து நிற்கும் வரை, அந்தரத்திலேயே நின்றன.