நான் கட் பண்ணல, அண்ணே!

இரண்டு வாரத்துக்கு முன்பு என் போனுக்கு ஒரு ஸ்கிரீன் பிலிம் வாங்கி ஒட்டினேன். அதனால் என் அண்ணனைத் தொலைத்துவிட்டேன்.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். வேறொருவர் எழுதியிருந்தால் நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன்.

புது போன். மகள் வாங்கிக் கொடுத்தது. "கீழ போட்டு உடைச்சிராதீங்கப்பா, பிலிம் ஒட்டுங்க" என்று தினமும் நச்சரிப்பு. எங்கள் ஊர் ஈப்போவில் எந்தக் கடையில் நீட்டினாலும் அவர்களே அழகாக ஒட்டித் தருவார்கள். எனக்குத்தான் அந்தப் பொறுமை கிடையாதே! எங்கள் தாமான் குடியிருப்பின் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பெண் மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். "சினாங் லா அங்கிள், ஈஸி. வீட்டுலயே நீங்களே ஒட்டிக்கலாம்" என்றாள். நம்பி வாங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. யூடியூப் பார்த்துத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். மேல் பாதி அருமையாக உட்கார்ந்தது. கீழேதான் வினை... பெரிய காற்றுக் குமிழ் ஒன்று. பழைய பேங்க் கார்டால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் ஓடுகிறது. அந்த இடத்தில் விரலை வைத்தால் போன் கண்டுகொள்வதே இல்லை.

"பிச்சிப் போட்டுட்டுக் கடையில குடுங்க" என்றாள் மனைவி.

"சாப்பிட்டுட்டுப் பாக்கறேன்" என்றேன்.

அப்போதுதான் போன் அடித்தது. திரையில் பெயர் — 'அண்ணே'.

அந்தப் பெயரில் அழைப்பு வந்து வருடக்கணக்காகிவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். நான் ஈப்போவுக்கு வந்தேன். அண்ணன் கடலோரம் லூமுட்டில் பங்கோர் தீவுப் படகு வேலைக்குப் போனார். அங்கே ஒரு கிறிஸ்துவப் பெண்ணைக் கல்யாணம் செய்து, மதமும் மாறினார். அப்பா அதற்காக ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. கடைசிக் காலத்தில் என் வீட்டில்தான் இருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கொள்ளி நீ வைடா. பெரியவனுக்கு அவங்க சர்ச்சுல சங்கடம் வரக் கூடாது" என்றார். அப்போது அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

அப்பா போனார். நான் கொள்ளி வைத்தேன். அண்ணன் நம்பவில்லை. "அப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு. சொந்தக்காரங்க பேச்சைக் கேட்டு என்னை ஒதுக்கிட்டல்ல?" என்று கேட்டுவிட்டுச் சுடுகாட்டிலிருந்தே கிளம்பிப் போனார். அதன் பிறகு பேச்சே இல்லை. என் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் அண்ணியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும். அவ்வளவுதான்.

அந்த மனிதர் கூப்பிடுகிறார். பச்சை பட்டன் சரியாக அந்தக் குமிழுக்கு அடியில்!

தள்ளினேன். அசையவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தள்ளினேன். ம்ஹூம். பதற்றத்தில் கட்டை விரலால் அழுத்தி இழுத்தேன் — விரல் வழுக்கிச் சிவப்புக்குப் போனது. அது மட்டும் உடனே வேலை செய்தது. போன் அமைதியாகிவிட்டது.

திருப்பிக் கூப்பிடலாம் என்றால் அந்த பட்டனும் அதே இடத்தில்தான். மனைவியின் போனைப் பிடுங்கி அடித்தேன். முழுதாக ஒலித்து நின்றது. மறுபடி அடித்தேன். சுவிட்ச் ஆஃப்.

"போன்ல சரியாகாது. நேராப் போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. சாப்பிடாமலே காரில் கிளம்பினேன். போனை டாஷ்போர்டில் போட்டேன். வழியில் சித்தியவான் ஊரைத் தாண்டும் வரை மண்டையைப் பிளக்கும் வெயில்.

லூமுட்டில் கதவைத் திறந்தது அண்ணி. என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இவருக்கு ஹார்ட்ல அடைப்பு தம்பி. வர்ற வாரம் கே.எல்.ல பைபாஸ். அதுக்கு முன்னால ஒரு வார்த்தை பேசிடுங்கன்னு கெஞ்சிக் கெஞ்சி, இன்னிக்குத்தான் போனை எடுத்தாரு. நீங்க..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டார்.

அண்ணன் உள்ளே நாற்காலியில் இருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் படம்.

"நான் கட் பண்ணல அண்ணே."

"ரெண்டு மூணு ரிங் போச்சு. டக்குனு கட்டாச்சு. பொறவு ஒன் பொண்டாட்டி போன்ல இருந்து வருது. அவ திட்டியிருப்பா, கூப்பிட்டிருப்ப."

"போன்ல புதுசா பிலிம் ஒட்டினேன் அண்ணே. கீழ காத்து நின்னுக்கிச்சு. தொட்டா எடுக்க மாட்டேங்குது. இருங்க, காட்டறேன். அண்ணி, என் நம்பருக்கு ஒரு கால் அடிங்க."

அண்ணி அடித்தார். போன் ஒலித்தது. அண்ணன் பார்க்கும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டு, விரலால் லேசாகத் தள்ளினேன்.

எடுத்துவிட்டது!

குமிழைக் காணவில்லை. வழியெல்லாம் டாஷ்போர்டு வெயிலில் வெந்து, பிலிம் அப்படியே படிந்துபோயிருந்தது. "ஹலோ" என்று என் கையிலிருந்த போனில் அண்ணியின் குரல். எனக்கு எதிரிலும் அதே குரல்.

"நல்லாத்தானே வேலை செய்யுது" என்றார் அண்ணன்.

"அண்ணே, சத்தியமா..."

"அன்னிக்கு அப்பா சொன்னாருன்ன. அவரு எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்ல மாட்டாரு. இன்னிக்குப் பிலிமுங்கற. எப்பவும் ஒனக்கு ஒரு காரணம் இருக்கு லா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரல். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணி கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும் வழி முழுவதும் ஒரே யோசனை. பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபம்! குளித்துக்கொண்டிருந்தேன், கார் ஓட்டிக்கொண்டிருந்தேன், லைன் கிடைக்கவில்லை... எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார். நாமெல்லாம் தினமும் சொல்வதுதானே? கேட்பவருக்குப் பழகிப்போயிருக்கும். உண்மை இருக்கிறதே, அது சில சமயம் கேவலமான சாக்கு மாதிரியே வந்து நிற்கிறது. அதைச் சொல்கிறவனுக்கே வெட்கமாக இருக்கிறது. அப்புறம் கேட்கிறவர் எப்படி நம்புவார்?

வீட்டுக்கு வந்து பிலிமைப் பிய்த்து எறிந்தேன். என்ன பிரயோசனம்?

ஆபரேஷன் அன்று, வர வேண்டாம் என்று அண்ணி சொல்லியும், கோலாலம்பூருக்குப் போனேன். ஆஸ்பத்திரி நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பேச யாருமில்லை. உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான் போனைக் கட் பண்ணினேன் என்ற நினைப்போடுதான் போயிருப்பார்...

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அண்ணி வெளியே வந்தார்.

"முழிச்சிட்டாரு தம்பி. நீங்க நேத்துலேருந்து இங்கயே இருக்கீங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு அண்ணி?"

அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணும் சொல்லல தம்பி. கண்ணை மூடிக்கிட்டாரு... மயக்க மருந்து இன்னும் தெளியல போல."

அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு ஈப்போவுக்கு ரயில் ஏறினேன்.

எங்கள் குடும்பத்தில் ஒருத்தராவது இன்னொருத்தர் சொன்னதை நம்ப வேண்டாமா?